ஹார்ப்புக்கு மறுவாழ்வு தந்த தச்சர் மகன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பாட்டுக் கச்சேரியின் சுவரொட்டியில் பாடுபவரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். வயலினும் மிருதங்கமும் வாசிப்பவர்களின் பெயர்கள் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அந்த வயலினையும் மிருதங்கத்தையும் செய்தவர் யார் என்று எந்தச் சுவரொட்டியும் சொல்வதில்லை. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. உலகெங்கும் இதே கதைதான். இவ்வழக்கத்தையும் மீறி இசை வரலாற்றில் தம் பெயரை நிலைநாட்டிச் சென்ற கருவிக் கலைஞர்கள் சிலரே. அவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டின் செபாஸ்தியன் எரார். ஹைடனும் பீத்தோவனும் அவர் செய்த பியானோவை வைத்திருந்தார்கள். மேலைநாட்டு இசையரங்குகளில் இன்று ஒலிக்கும் ஹார்ப், அவர் 1810-இல் வகுத்த பொறியமைப்பைத்தான் இன்னமும் தன் கழுத்தில் சுமந்து நிற்கிறது.

ஒலியியல் படிக்கும் எனக்கு, எராரின் வாழ்க்கை நம் பாடப்புத்தகத்தில் உள்ள ஒரே ஒரு சூத்திரத்துக்கு எழுதப்பட்ட விரிவுரை போலத் தோன்றுகிறது. ஆகவே அவருடைய வாழ்வைச் சொல்லும்போதே அச்சூத்திரத்தையும் சிறிது சொல்ல நண்பர்கள் இசைவு தர வேண்டுகிறேன். கணக்குக்கு அஞ்சும் கலைப்பிரிவு நண்பர்களும் அஞ்சாமல் படிக்கலாம்.

இரண்டு வழிகள்

சுரமானியைக் கையாண்டவர்கள் அறிவர்: பூட்டிய கம்பி ஒன்றின் சுருதியை மாற்ற வழிகள் இரண்டே. குதிரைகளை நெருக்கிக் கம்பியின் நீளத்தைக் குறைக்கலாம். அல்லது எடையைக் கூட்டி இழுவிசையை உயர்த்தலாம். அதிர்வெண் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். வீணை வாசிப்பவர் இவ்விரண்டையும் செய்கிறார். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு விரலை நகர்த்துவது நீளத்தை மாற்றும் வழி. அதே மெட்டில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பது இழுவிசையை மாற்றும் வழி.

ஹார்ப்பில் மெட்டுகள் கிடையா. நம் முன்னோரின் யாழைப் போல அதிலும் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். இரு கைகளும் நரம்புகளை மீட்டுவதிலேயே ஈடுபட்டிருக்கும். பாட்டின் நடுவே ஒரு சுரத்தை அரைச்சுரம் உயர்த்த வேண்டுமானால் என்ன செய்வது? ஐரோப்பிய இசையிலோ ஒரே உருப்படிக்குள் ஆதார சுரத்தையே மாற்றிச் செல்லும் வழக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் ஹார்ப் பின்தங்கியது.

17ஆம் நூற்றாண்டில் டைரோல் மலைநாட்டார் ஹார்ப்பின் கழுத்தில் கையால் திருப்பும் கொக்கிகளைப் பொருத்தினார்கள். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பவேரியாவைச் சேர்ந்த ஹோக்புருக்கர் அந்தக் கொக்கிகளைக் காலால் இயக்கப் பெடல்களை அமைத்தார். பெடலை அழுத்தினால், முன்தூணின் உட்கூட்டில் செல்லும் கம்பி கழுத்திலுள்ள கொக்கியை இழுக்கும். கொக்கி நரம்பை ஒரு முளைமீது அழுத்தும். நரம்பின் நீளம் குறைந்து சுரம் உயரும். கைகளுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் கொக்கி நரம்பைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டது. இழுபட்ட நரம்பு வரிசையை விட்டு விலகியது. இழுவிசையும் சேர்ந்து மாறியதால் சுருதி பிசகியது. பிடி திடமாக இல்லாததால் நாதம் மங்கியது. நரம்புகள் அடிக்கடி அறுந்தன. சுருதியை மாற்றப் போய் நாதத்தை இழந்து நின்றார்கள். இந்த நிலையில்தான் எரார் வருகிறார்.

பிறப்பும் இளமையும்

எரார் 1752ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்தார். தந்தை மரவேலை செய்யும் தச்சர். சிறுவன் உளியையும் இழைப்புளியையும் பழகியதோடு நிற்கவில்லை. ஓவிய வரைவும் செயல்முறை வடிவகணிதமும் கற்றான். அவ்வூர்ப் பெருங்கோவிலின் கோபுரம் 142 மீட்டர் உயரம். அந்நாளில் உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். பதின்மூன்று வயதில் எரார் அதன் உச்சிவரை ஏறிச் சிலுவைமீது அமர்ந்ததாக ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், அவர் எதையும் அடியிலிருந்து நுனிவரை பார்க்க விரும்பிய பிள்ளை என்பதில் ஐயமில்லை.

தந்தை இறந்தார். குடும்பம் தளர்ந்தது. 1768-இல், பதினாறு வயதில், எரார் பிழைப்புத் தேடிப் பாரிஸ் நகருக்கு வந்து, ஹார்ப்சிகார்டு என்னும் விசைப்பலகைக் கருவி செய்யும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு நேர்ந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவது சிந்திக்கத்தக்கது. கொடுத்த வேலையை முடித்ததும் அவர் வாளாவிராமல், ஒவ்வோர் உறுப்பும் ஏன் அந்த அளவில் இருக்கிறது என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பொறுமையிழந்த முதலாளி அவரை வேலையைவிட்டு நீக்கினார்.

அடுத்துச் சேர்ந்த இடத்தில் நேர்ந்தது இதனினும் சுவையானது. கடினமான கருவி ஒன்றைச் செய்து தருவதாக அம்முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். அதை எராரைக்கொண்டு செய்வித்துத் தம் பெயரைப் பொறித்துக் கொடுத்துவிட்டார். கருவியை வாங்கியவர் அதன் உள்ளமைப்பை விளக்கச் சொன்னபோது முதலாளிக்கு வாயடைத்துப் போயிற்று. வேறு வழியின்றி எராரையே அழைத்துவந்து விளக்கச் சொன்னாராம். பாரிஸ் நகரின் இசைவட்டாரத்தில் எராரின் பெயர் பரவியது அன்றுமுதல்தான் என்பார்கள்.

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு என் தந்தையின் நினைவு வந்தது. அவரும் மரத்தச்சர். கதவு, நிலை, கட்டில் செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் கால்வைத்த முதல் ஆள் நான். சட்டத்தின் துளையையும் நாக்கையும் அவர் கண்ணளவிலேயே பொருத்துவார். மயிரிழை இடைவெளி இராது. ஏன் இந்த அளவு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் சொன்னதில்லை. விடுமுறையில் நானும் ஒரு பட்டறையில் எடுபிடியாக இருந்திருக்கிறேன். அங்கே கேள்வி கேட்பது வேலைக்கள்ளத்தனமாகவே கொள்ளப்பட்டது. கையறிவு ஒரு பக்கமும் நூலறிவு மறுபக்கமுமாகப் பிரிந்து கிடப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எராரின் வாழ்க்கை எனக்கு உணர்த்தியது. அவரிடம் இரண்டும் ஓரிடத்தில் கூடியிருந்தன. அந்தக் கூட்டுறவின் விளைவே அவருடைய கண்டுபிடிப்புகள்.

புகழும் புயலும்

வில்லெருவா சீமாட்டி எராரின் திறமையறிந்து தம் மாளிகையிலேயே அவருக்குப் பட்டறை அமைக்க இடம் கொடுத்தார். 1777-இல் அங்கே எரார் தம் முதல் பியானோவைச் செய்தார். பிரான்சில் உருவான முதல் பியானோக்களுள் அதுவும் ஒன்று. அண்ணன் ழான் பாப்டிஸ்டும் வந்து சேர்ந்துகொண்டார். தொழில் பெருகியது, கூடவே பொறாமையும் பெருகியது. அந்நாளில் கைவினைஞர் குழுமத்தில் உறுப்பினராக இல்லாதவர் தனியே தொழில் நடத்த முடியாது. குழுமத்தார் எரார்மீது வழக்கெழுப்பினார்கள். 1785-இல் மன்னர் பதினாறாம் லூயி, குழுமத்தின் கட்டுப்பாடின்றியே பியானோ செய்யலாம் என்று எராருக்குத் தனி ஆணை வழங்கினார்.

அரசி மரீ அந்த்வானெத்துக்காக அவர் செய்த பியானோ ஒன்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அரசியின் குரல் எட்டும் எல்லை குறுகியது. பாட்டைக் குரலுக்கேற்ற சுருதிக்கு இறக்கவும் ஏற்றவும் வசதியாக, விசைப்பலகை முழுவதையும் பக்கவாட்டில் நகர்த்தும்படி எரார் அமைத்துக் கொடுத்தார். நம் ஊர் ஆர்மோனியத்தில் ஸ்கேல் சேஞ்சர் என்ற வகையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். கம்பிகளை மீண்டும் சுருதி சேர்க்காமலேயே சுருதியை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவரை அப்போதே பற்றிக்கொண்டிருந்தது.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அரண்மனைக்கு வேண்டியவராக இருந்தவர்க்குப் பாரிஸ் பாதுகாப்பான ஊராக இல்லை. எரார் இலண்டனுக்குச் சென்று, 1792-இல் அங்கே பட்டறை தொடங்கினார். ஊரும் மொழியும் புதியவை. ஆயினும் மனத்தில் இருந்த சிக்கல் பழையதுதான்: ஹார்ப்பின் கொக்கி.

கவ்வும் வட்டு

1794-இல் எரார் இலண்டனில் ஹார்ப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்தது மிக எளிய மாற்றம். கொக்கியை அடியோடு நீக்கினார். அதனிடத்தில் சிறிய பித்தளை வட்டு ஒன்றை வைத்தார். வட்டின் முகத்தில் இரண்டு முளைகள். அவற்றுக்கிடையே நரம்பு எதையும் தொடாமல் செல்லும். பெடலை அழுத்தினால் வட்டு சுழலும். ஒரு முளை இந்தப் பக்கமிருந்தும் மற்றது அந்தப் பக்கமிருந்தும் நரம்பைக் கவ்விப் பிடிக்கும்.

இதன் நுட்பத்தை இயற்பியல் கண்ணோடு பார்க்க வேண்டும். கொக்கி ஒரு பக்கமாக மட்டும் இழுத்தது. ஆகவே நரம்பு இடம் பெயர்ந்தது. வட்டின் இரு முளைகளோ எதிரெதிர்த் திசைகளில் அழுத்துகின்றன. ஆகவே நரம்பு தன் வரிசையிலேயே நிற்கிறது. இழுவிசை மிகச் சிறிதே மாறுகிறது. நீளம் மட்டுமே குறைகிறது. பிடியும் திடமாக இருப்பதால் அதிர்வின் ஆற்றல் அந்த முனையில் வீணாகாமல் நரம்பிலேயே தங்குகிறது. சுருதி பிசகாது, நாதமும் மங்காது. மேலும், பொறியுறுப்புகளை மரக்கழுத்தைக் குடைந்து உள்ளே வைக்காமல், பித்தளைத் தகடுகளுக்கு இடையே அமைத்தார். இதனால் கழுத்தின் வலிமையும் குறையவில்லை.

சொல்வது எளிது; செய்வது அரிது. ஓர் அரைச்சுரம் உயர அதிர்வெண் 1.0595 மடங்கு ஆக வேண்டும். 1 மீட்டர் நீளமுள்ள நரம்பில் அதற்கு 5.6 செ.மீ. குறைக்க வேண்டும். 10 செ.மீ. நரம்பில் 5.6 மில்லிமீட்டர் மட்டுமே. ஹார்ப்பில் ஒரு பெடல் ஒரு நரம்பை மட்டும் இயக்குவதில்லை. ஒரே பெயருடைய சுரம் எத்தனை ஸ்தாயிகளில் உண்டோ அத்தனை நரம்புகளையும் சேர்த்து இயக்குகிறது. நெட்டை நரம்புக்கும் குட்டை நரம்புக்கும் உரிய வட்டுகள் ஒரே மிதியில், ஒரே கணத்தில், தத்தம் இடத்தில் கவ்வ வேண்டும். முளை தளர்வாகக் கவ்வினால் நரம்பு இரையும். மிகையாகக் கவ்வினால் நரம்பு வளைந்து சுருதி ஏறும், நாளடைவில் தேய்ந்து அறும்.

1810ஆம் ஆண்டின் வெற்றி

இன்னும் ஒரு குறை எஞ்சியிருந்தது. ஹார்ப்பில் பெடல்கள் ஏழு, சுரத்துக்கு ஒன்றாக. ஒவ்வொன்றும் ஓர் அரைச்சுரம் மட்டுமே உயர்த்தும். ஆகவே ஒரு நரம்பிலிருந்து இரண்டு ஒலிகளே கிடைக்கும். மேலை இசையின் பெரிய சுர அடுக்குகளில் எட்டைத்தான் அதில் வாசிக்க முடியும். இக்குறையைப் போக்கப் பாரிஸைச் சேர்ந்த கூசினோ என்பவர் 1782-இல் பெடல்களை இரு வரிசையாக்கிப் பதினான்கு ஆக்கினார். கால்கள் இரண்டுதானே? அதை யாரால் இயக்க முடியும்? அது நிலைக்கவில்லை.

எரார் பெடல்களைப் பெருக்கவில்லை. ஒவ்வொரு பெடலுக்கும் இரண்டு படிகள் வைத்தார். ஒவ்வொரு நரம்புக்கும் மேலும் கீழுமாக இரண்டு வட்டுகள் வைத்தார். பெடலை முதற்படிக்கு அழுத்தினால் இரு வட்டுகளும் சுழலத் தொடங்கும். மேல்வட்டு நரம்பைக் கவ்வும். கீழ்வட்டு பாதித் தூரம் திரும்பித் தொடாமல் காத்திருக்கும். இரண்டாம் படிக்கு அழுத்தினால் கீழ்வட்டும் கவ்வும். ஆக ஒரு நரம்பிலிருந்து மூன்று ஒலிகள். ஏழு சுரத்துக்கும் இருபத்தொரு ஒலிகள். எந்தச் சுருதியும் இனி ஹார்ப்புக்கு எட்டாக்கனி அன்று. 43 நரம்புகளும் ஏறக்குறைய எண்பது வட்டுகளும் கொண்ட அந்தக் கருவிக்கு 1810-இல் காப்புரிமை கிடைத்தது. இடக்காலுக்கு மூன்று, வலக்காலுக்கு நான்கு என்று பெடல்கள் அமைந்தன. இன்றும் அப்படியே.

இலண்டன் சீமான்களின் வீடுகளில் ஹார்ப் இல்லாத கூடம் இல்லை என்னும் நிலை வந்தது. ஆனால் செல்வம் நிலையாக நின்றுவிடவில்லை. போர்க்காலத்தின் நெருக்கடியில், 1813-இல் பாரிஸ் நிறுவனம் திவாலானது. அறுபதைத் தாண்டிய வயது. வேறொருவராக இருந்தால் ஓய்ந்திருப்பார். எரார் மீண்டும் பட்டறைக்குள் நுழைந்தார்.

அதன் பயன் 1821-இல் தெரிந்தது. பியானோவின் விசையை முழுவதும் மேலெழவிடாமலே அதே சுரத்தை மீண்டும் மீண்டும் விரைந்து ஒலிக்கச் செய்யும் சுத்தியல் அமைப்பை அவர் கண்டார். அதற்குரிய காப்புரிமை அவருடைய அண்ணன் மகன் பியேர் எராரின் பெயரில் எடுக்கப்பட்டது. 1824-இல் சிறுவன் லிஸ்ட் இலண்டனில் வாசித்து வியப்பூட்டியது இந்தப் பியானோவில்தான். இன்றைய பெரிய பியானோக்கள் அனைத்தும் அந்த அமைப்பின் வழிவந்தவையே.

1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், பாரிஸை அடுத்த பாஸ்ஸியில் தம் லா முயெத் மாளிகையில் எரார் காலமானார். அதற்கு முந்திய ஆண்டில்தான் பெர்லியோஸ் தம் பெரும் சிம்பொனியில் ஹார்ப்புகளை இசைக்குழுவின் நடுவே கொணர்ந்திருந்தார். தாம் மறுவாழ்வு தந்த கருவி அரங்கேறியதைக் காணும் பேறு எராருக்குக் கிட்டியது.

அவருக்குப் பின்

எரார் நீளத்தை மாற்றும் வழியைத் தேர்ந்தார். இழுவிசையை மாற்றும் வழியை யாரும் முயலவில்லையா? முயன்றார்கள், ஒரு நூற்றாண்டுக்குப் பின், அமெரிக்காவில். உருக்குத் துண்டு ஒன்றைக் கம்பிகள்மீது சறுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிதாருக்கு 1940 வாக்கில் கிப்சன் நிறுவனம் பெடல்களைப் பொருத்தியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் எலக்ட்ராஹார்ப்! பிறகு 1948-இல் பால் பிக்ஸ்பி என்பவர், ஸ்பீடி வெஸ்ட் என்னும் இசைஞருக்காகப் பெடல் ஸ்டீல் கிதார் ஒன்றைச் செய்து கொடுத்தார். இக்கருவியில் கம்பியின் ஒரு முனை சேஞ்சர் எனப்படும் அமைப்பில் உள்ள உலோக விரல்மீது வளைந்து செல்லும். பெடலை அழுத்தினால் அந்த விரல் தன் அச்சில் சற்றுச் சுழன்று கம்பியை இழுக்கும், சுரம் உயரும்.

நம் சூத்திரத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். அரைச்சுரம் உயர இழுவிசை 12 விழுக்காடு கூட வேண்டும். முழுச்சுரத்துக்கு 26 விழுக்காடு. இவ்வளவு விசை திடீரென ஏறும்போது கருவியின் உடலே இம்மியளவு வளைகிறது. பெடலைத் தொடாத மற்றக் கம்பிகளின் சுருதி இறங்குகிறது. பெடலை விட்டதும் விரல் உராய்வினால் பழைய இடத்துக்குத் துல்லியமாகத் திரும்பாவிட்டால் அங்கும் சுருதி பிசகும். விரலும் அதன் அச்சும் திடமாக இல்லையெனில் அதிர்வின் ஆற்றல் அங்கே கசிந்து நாதம் விரைவில் தேயும். எரார் தவிர்த்த இடர்கள் எல்லாம் இங்கே மீண்டும் வந்து நிற்கின்றன.

ஆனால் ஈடாக ஒரு வரவும் உண்டு. எராரின் வட்டு கவ்வும்போது சுரம் படியேறுவது போல் தாவுகிறது. சேஞ்சரோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்கிறது. ஏறத்தாழ நம் வீணைக் கமகம் போல. ஹார்ப்புக்குத் தேவை துல்லியம். ஸ்டீல் கிதாருக்குத் தேவை குழைவு. எந்த வழி உயர்ந்தது என்ற கேள்விக்கு இடமில்லை. எந்த இசைக்கு எந்த வழி என்று அறிவதே அறிவு. இயற்கையின் விதி ஒன்றுதான். அதில் எதைக் கொடுத்து எதைப் பெறுவது என்பதைத்தான் கருவி செய்பவன் தீர்மானிக்கிறான்.

எராரின் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடமாக வழக்கமாகச் சொல்லப்படும் விடாமுயற்சி, உழைப்பு ஆகியவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்காலப் பாரிஸில் உழைத்த தச்சர்கள் ஆயிரம்பேர். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. எராரின் பட்டறைகளிலேயே அந்தப் பித்தளை வட்டுகளை ஒவ்வொன்றாக அராவிப் பொருத்திய தொழிலாளர்களின் பெயர்களும் நமக்குத் தெரியா. எராரை உயர்த்தியது, தாம் செய்ததை விளக்கத் தெரிந்திருந்ததும், விளக்கம் கேட்க அஞ்சாததும்தான். பட்டறையிலிருந்து வகுப்பறைக்கு வந்திருக்கும் நம்மைப் போன்றவர்கள், கேட்கும் உரிமையை இங்கே பெற்றிருக்கிறோம். அவ்வுரிமையைத் தேர்வோடு முடித்துவிடாமல், நம் பெற்றோர் கைகளில் உள்ள வேலையை நோக்கியும் திருப்புவோமாயின், பெயர் தெரியாத எத்தனையோ நுட்பங்களுக்குப் பெயரும் காரணமும் கிடைக்கும்.